கீமோ நாட்களில் மனசுக்கு யார் துணை: வீட்டாரா, ஆலோசகரா, குழுவா?

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்த வாரத்தில் எங்கள் வீட்டில் நாளைக்கு நாலு முடிவு எடுத்தோம். சென்னையா மதுரையா, முதலில் ஆபரேஷனா கீமோவா, காப்பீட்டு அட்டை செல்லுமா, பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது, நெல்லை எக்ஸ்பிரஸில் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது. அவள் மனசை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு மட்டும் வரவே இல்லை. வந்திருந்தாலும் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்போம்: “அதான் நாம இத்தனை பேர் இருக்கோமே.”

அந்தப் பதில் போதாது என்று எனக்குப் புரிய மூன்று கீமோ ஆனது. சிகிச்சை தொடங்கப்போகிற பெண்ணுக்கும், அவள் கூடவே இருக்கப்போகிற தங்கைக்கும் மகளுக்கும் கணவருக்கும் அந்தத் தாமதம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மனசுக்குத் துணை என்று நம் ஊரில் நிஜமாகக் கிடைக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம். எது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்று தெரிந்தால் தேர்வது சுலபம்.

முதலில், உடம்பா மனசா என்று பாருங்கள்

இரண்டாவது கீமோ ஏற்றிய அன்று ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தேன். வாடகை அறையின் சமையல் மேடையில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, பருப்பை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. கண்ணில் தூக்கமே இல்லை. கை பரபரவென்று ஓடுகிறது. முகத்தில் ஒரு சிவப்பு. “தூக்கம் வரலட்டி, சும்மா கிடந்தா என்னென்னமோ தோணுது” என்றாள். பயத்தில் மனசு கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுமுறை டே கேரில், அதாவது கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே திரும்பும் பிரிவில், நர்ஸிடம் சொன்னபோது அவர் உடனே விளக்கினார். வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது ஓரிரு நாள் தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைத் தரும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றியதும் பாதி சரியாயிற்று. அதேபோல, எழுந்திருக்கவே முடியாத சோர்வுக்கு ரத்த சோகை காரணமாக இருக்கலாம், தைராய்டு காரணமாக இருக்கலாம். திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது கீமோவால் மாதவிடாய் நின்றதன் விளைவாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்து உண்டு. “மனசை விட்டுட்டா” என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பதுதான் மனசின் பாரம். அதற்கு யார்?

வீட்டார்

வீட்டார் தருகிற சில விஷயங்களை வேறு யாரும் தர முடியாது. வாய்ப்புண்ணுக்கு ஏற்ற மாதிரி காரமில்லாமல் கஞ்சி வைப்பது, மருந்து ஏறும்போது ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவது, ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் கவுண்ட் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும் வரை காத்திராமல் ஆட்டோ பிடிப்பது. இந்த அளவில் வீடுதான் முதல் துணை.

பேச்சு என்று வரும்போது கதை மாறுகிறது. அம்மாவுக்கு பிபி, அதனால் அக்கா அம்மா முன்னால் அழமாட்டாள். அத்தான் ஏற்கெனவே கடனில் இருக்கிறார், அதனால் அவர் முன்னாலும் அழமாட்டாள். நான் சின்னவள், என் முன்னால் அழவே மாட்டாள். நாங்களும் அவள் எதிரே அழுவதில்லை என்று எங்களுக்குள் சத்தியம் செய்திருந்தோம். ஆக, ஒரே அறையில் நான்கு பேர், நான்கு பேரும் சிரித்த முகமாக, ஆளுக்கொரு நேரத்தில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தோம்.

வீட்டாரிடம் சொல்லவே முடியாத சங்கதிகளும் உண்டு. மார்பை எடுத்த தழும்பை இவர் பார்ப்பாரா, பார்த்தால் முகம் மாறுமா? நான் போய்விட்டால் பிள்ளைகளுக்குச் சித்தி வருவாளா? எனக்கு வந்தது என் மகளுக்கும் வருமா? இதில் எதை அம்மாவிடம் கேட்பது? போதாததற்கு, உறவில் ஒரு பெரியவர், “யார்ட்டயும் சொல்லாதீக, நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பாக்கணும்” என்று வாயைக் கட்டிவிட்டார். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். இது ஒட்டுவாரொட்டியும் கிடையாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வழக்கத்துக்கு மருத்துவத்தில் இடமே இல்லை. அப்படித் தனியாக வைக்கப்பட்ட டம்ளர் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, “தைரியமா இரு.” அன்போடுதான் சொல்கிறோம். கேட்பவருக்கு அது, நீ பயந்தால் நோய் ஜெயித்துவிடும் என்று கேட்கிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் வந்த 1,093 பேரைப் பார்த்தார்கள். ஜேம்ஸ் காய்ன் குழுவினர் செய்தது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனாலேயே கூடுதல் நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது எவ்வளவு ஆறுதல்! பயந்து நடுங்கி அழுதாலும் மருந்து தன் வேலையைச் செய்யும். மனசைப் பார்த்துக்கொள்வது ஆயுளைக் கூட்டுவதற்காக அல்ல, இருக்கிற நாளின் துன்பத்தைக் குறைப்பதற்காக. இந்தப் பொறுப்பை அவள் தலையிலிருந்து இறக்கி வைத்தாலே பாதி நிம்மதி.

மருத்துவமனையிலேயே இருக்கும் ஆலோசகர்

புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977 முதல் அதை வளர்த்தெடுத்தவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர். நம் பக்கத்தில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து, 1954இல் தொடங்கிய மருத்துவமனை அது.

நாங்கள் போனது வேறொரு மருத்துவமனை. அங்கே கவுன்சலிங் மேடம் ஒருவர் இருக்கிறார் என்பதே மூன்றாவது கீமோ வரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கோப்பு எடுக்கப் போன இடத்தில் கதவில் இருந்த பலகையைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

உள்ளே அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம், கீழே 0, மேலே 10. போன ஒரு வாரத்தில் மனக்கஷ்டம் எவ்வளவு என்று அதில் வட்டமிட வேண்டும். நாலும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு 2ஐ வட்டமிட்டாள். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா” என்று என்னை அனுப்பினார். நான் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது 2 அடிக்கப்பட்டு 8 வட்டமிடப்பட்டிருந்தது. அதன் கீழே இருந்த பட்டியலில் ‘தூக்கம்’, ‘பணம்’, ‘பிள்ளைகள்’, ‘கணவரோடு உறவு’ எல்லாவற்றுக்கும் டிக். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, “சின்னவனுக்கு எப்படிச் சொல்றதுன்னு மேடம் சொல்லித் தந்தாக” என்றாள்.

நான் வெளியே போனதுதான் அன்று நான் செய்த பெரிய உதவி.

ஆலோசகர் செய்வது வெறும் ஆறுதல் சொல்வது என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. ராத்திரி வரும் நினைப்பு ஒவ்வொன்றையும் எழுதிவைத்து, இதில் நடந்தது எது, நடக்குமோ என்ற பயம் எது என்று பிரிக்கச் சொன்னார். எட்டு வயதுப் பையனிடம் ‘அம்மாவுக்குக் காய்ச்சல்’ என்று பொய் சொல்ல வேண்டாம், நோயின் பெயரைச் சொல்லலாம், அது அவன் செய்த குறும்பால் வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். அத்தானைத் தனியாக ஒருமுறை கூப்பிட்டுப் பேசினார். அங்கிருந்த சமூகப் பணியாளர் வழியாகத்தான் ரயில் சலுகை தெரிந்தது: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மூன்று கீமோவுக்கு முழுக் காசு கொடுத்து வந்திருந்தோம்.

பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு இன்னொரு அவசரம் உண்டு. சில கீமோ மருந்துகள் சினைப்பையைப் பாதிக்கும். கருமுட்டையை எடுத்து உறைய வைப்பதென்றால் முதல் கீமோவுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். டாக்டர் அவசரத்தில் சொல்ல விட்டுப்போவதை ஆலோசகர் பிடித்துக்கொள்வார், அவரை முதலிலேயே பார்த்திருந்தால்.

குறைகளும் இருக்கின்றன. பல மருத்துவமனைகளில் இந்தப் பதவியே இல்லை. இருக்கிற இடத்தில் ஒருவர், வெளியே நீண்ட வரிசை. சில இடங்களில் கதவு சாத்தும் அறைகூட இல்லாமல் நடைபாதையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதில் எந்தப் பெண் மனம் திறப்பாள்? உங்கள் மருத்துவமனையில் ஆள் இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும், செலவில்லாமல் பார்க்கலாம். அங்கே புற்றுநோய் பற்றித் தனிப் பயிற்சி எதிர்பார்க்க முடியாது, ஆனால் கதவு சாத்தும் அறை கிடைக்கும்.

இதே பாதையில் போய் வந்த பெண்கள்

சிவப்பு மருந்து என்று எல்லாரும் சொல்கிற டாக்ஸோரூபிசின் ஏறினால் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அக்காவுக்கு இடுப்பு வரை கூந்தல். காலையில் தலையணையில் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்த நாள் அவள் சாப்பிடவில்லை. டே கேரில் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், இரண்டாம் சுற்றுச் சிகிச்சைக்கு வந்தவர். பேச்சோடு பேச்சாகத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, “தொட்டுப் பாரும்மா, போன தடவை கொட்டினப்புறம் சுருட்டையா வந்துச்சு, இந்தத் தடவை எப்படி வருதோ” என்றார். அக்கா நிஜமாகவே தொட்டுப் பார்த்தாள். நான் நூறு தடவை ‘வளர்ந்திரும்க்கா’ என்று சொல்லியும் இறங்காத ஒன்று அந்த ஒரு தொடலில் இறங்கியது.

ஜாக்கெட்டின் உள்பக்கம் பஞ்சுப் பை வைத்துத் தைக்கும் விதம், எந்தப் பக்கக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடக்கூடாது, கல்யாண வீட்டில் துருவித் துருவிக் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் அந்த அம்மாவிடமிருந்து வந்தவை. இந்த மாதிரி உதவியை முறைப்படுத்திய முயற்சி பழையது: அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண் தனக்கு மார்பக அறுவை நடந்த பிறகு, 1952இல், மற்ற பெண்களைப் போய்ப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது.

குழுவாகக் கூடுவதால் ஆயுள் கூடுமா என்று ஒரு பெரிய வாதமே நடந்திருக்கிறது. 1989இல் டேவிட் ஸ்பீகல், நோய் பரவிய நிலையில் இருந்த 86 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில், வாராவாரம் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக ஒன்றரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று வந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. 2001இல் கனடாவில் பமேலா குட்வின் 235 பெண்களிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் வரவில்லை. மனக்கஷ்டமும் வலியும் குறைந்தன, அதுவும் தொடக்கத்திலேயே அதிகக் கஷ்டத்தில் இருந்தவர்களுக்கு. முடிவெடுக்க இந்த இரண்டாவது தகவல்தான் நமக்கு வேண்டும். தவிப்பவருக்குக் குழு உதவும். நிதானமாக இருக்கிற பெண்ணை, ‘எல்லாரும் போறாங்க’ என்று இழுத்துப்போக வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அக்கா சேர்ந்த குழுவில் முதல் வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் கீமோவை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு சாறு குடித்தால் போதும் என்று பார்வர்டு வந்தது. அதற்கடுத்த வாரம் காலை ஆறு மணிக்கு ஒரு பெண்ணின் மரணச் செய்தி, போட்டோவோடு. முந்தின நாள்தான் அந்தப் பெண் அக்காவுக்கு ‘குட் நைட்’ அனுப்பியிருந்தார். ஆலோசகரோ நர்ஸோ மேற்பார்வையில் இருக்கும் குழுவாகப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், நோயின் அதே நிலையில் இருந்து மீண்ட ஒரே ஒரு பெண்ணின் போன் நம்பர் போதும்.

மாத்திரை வேண்டியிருந்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு வருகிறது என்றால் பேச்சுத் துணை மட்டும் போதாது, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இதில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து முதல் பத்து வருடம் வரை டமாக்சிபென் மாத்திரை கொடுப்பார்கள். அது கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்டுத்தான் முழு வேலை செய்யும். மனச்சோர்வுக்கான பராக்செடின், புளூவாக்செடின் போன்ற மருந்துகள் அந்த நொதியைத் தடுக்கும். வென்லாபாக்சின் அந்த அளவு தடுப்பதில்லை, உடம்பு கொதிப்பதையும் குறைக்கும் என்பதால் பல டாக்டர்கள் அதைத் தேர்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். இரண்டு டாக்டரின் சீட்டையும் ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் காட்டுங்கள்.

போன், யோகா

ராத்திரி இரண்டு மணிக்கு ஆலோசகர் அறை திறந்திருக்காது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்களுக்கான தொண்டு அமைப்பு. எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் கீமோ பற்றித் தெரியாது, நாளைக்கு அதே ஆள் எடுக்கமாட்டார். அந்த ஒரு ராத்திரியைத் தாண்ட அது போதும்.

யோகாவைப் பற்றி, கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கும் ஆறு வாரத்தில் பெங்களூரு விவேகானந்த யோகா பல்கலைக்கழகமும் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையும் சேர்ந்து மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் செய்த ஆய்வு 2014இல் வந்தது. யோகா செய்தவர்களின் உடல் இயக்கமும் பொதுவான ஆரோக்கியமும் மேம்பட்டிருந்தன. கூடச் சேர்த்துக்கொள்ள நல்லது. இதையே சிகிச்சையாக விற்பவர்களிடம் போகாதீர்கள்.

‘பாலியேட்டிவ்’ என்றதும் பயப்பட வேண்டாம்

வலி, மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளைத் தணிக்கும் கவனிப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே ‘கைவிட்டுட்டாங்க’ என்று நாம் அழத் தொடங்குகிறோம். 2010இல் ஜெனிபர் டெமெல், நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரிடம் செய்த ஆய்வைப் பாருங்கள். கண்டறிந்த உடனேயே வலி, மனநலம் கவனிக்கும் அணியும் சேர்ந்து பார்த்தவர்களில் மனச்சோர்வு 16 சதவீதம், மற்றவர்களில் 38. சேர்த்துப் பார்க்கப்பட்டவர்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள், ஏறக்குறைய 11.6 மாதம், மற்றவர்கள் 8.9. வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை இவைதான் பெரிய தொல்லை என்றால் ஆலோசகருக்கு முன்னால் இந்த அணியைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்தக் கவனிப்பைத் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவைக்கலாம்.

சரி, எதை முதலில்?

என்னைக் கேட்டால், முதல் கீமோவுக்கு முன்பே ஆலோசகர் அறைக்கு ஒருமுறை போய்விடுவேன். பிரச்சினை இருக்கிறதோ இல்லையோ, அக்கா தனியாக, நான் வெளியே. முடி கொட்டுவதற்கு முன் ஏற்கெனவே கடந்து வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துவிடுவேன். வீட்டாரைச் சமையல், பயணம், பிள்ளைகள், காய்ச்சல் மீட்டர் என்று கையால் செய்யும் வேலையில் வைப்பேன். பேச்சில் ‘தைரியமா இரு’வை விட்டுவிட்டு ‘பயமா இருக்கா’ என்று கேட்கச் சொல்வேன். ஊரில் ஆலோசகரே இல்லையென்றால் இரண்டாவதை முதலாவதாக்குவேன். தற்கொலைப் பேச்சு வந்தால் இந்த வரிசை எதுவும் செல்லாது, அன்றே மனநல மருத்துவர்.

நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது, இது சிகிச்சையோடு முடிவதில்லை. கரண்ட் வைத்து முடித்து ஊருக்கு வந்த நாள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ‘எல்லாம் முடிஞ்சிருச்சுல்லா’ என்றார்கள். மறு வாரம்தான் அக்கா மொத்தமாக உடைந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த உடம்பை இனி யார் பார்ப்பது என்ற பயம் அவளுக்கு. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அதற்கு முந்தின வாரம் முழுக்க அவள் தூங்கமாட்டாள். அதனால் ரத்தப் பரிசோதனைக்குத் தேதி வாங்கும்போதே கவுன்சலிங் மேடத்திடமும் சேர்த்து நேரம் வாங்கிவிடுகிறோம். டிக்கெட் போடுவது அத்தான். கதவுக்கு வெளியே டீயோடு உட்கார்ந்திருப்பது நான்.